ஈயத்தை அளந்த கதை

1923ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்கப் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலந்து விற்கப்பட்டது. மனித இரத்தத்தில் ஈயம் இருப்பது இயற்கையே என்று, விற்ற கம்பனியின் மருத்துவ ஆலோசகர் றொபேட் கீஹோ நாற்பதாண்டுகள் சாதித்தார். மறுப்பதற்கு எவரிடமும் வேறு அளவு இருக்கவில்லை.

விண்கல்லிலுள்ள ஈயத்தைக் கொண்டு பூமியின் வயதைக் கணிக்க முற்பட்ட கிளேயர் பற்றர்சனுக்கு, ஆய்வுகூடத்துத் தூசியிலும் நீரிலும் இருந்த ஈயமே பெருந்தொல்லையாயிற்று. காற்றை வடித்து, பாத்திரங்களை அமிலத்திற் கழுவி, ஈயம் அணுகாத ஆய்வுகூடமொன்றைக் கலிபோர்ணியாவில் அமைத்தார். 1956இல் வயதை வெளியிட்டார்: 455 கோடி ஆண்டுகள்.

ஆனால் அந்தத் துல்லியம் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. 'இயற்கை அளவு' என நமக்குச் சொல்லப்பட்டது, ஏற்கெனவே நஞ்சேறிய மனிதரிடம் எடுத்த அளவு! இதை எழுதத் தொடங்கியதும் எண்ணெய்க் கம்பனிகளின் ஆய்வுப் பணம் நின்றுபோயிற்று. ஆயினும் 1965இல் முழுவதையும் எழுதினார். கடைசி நாடான அல்ஜீரியா மோட்டார் வாகனங்களுக்கு ஈயப் பெற்றோல் விற்பதை நிறுத்தியது 2021இலேதான்.