பிரசவ வார்டுக்கு வெளியே நின்ற சட்டம்

என் இரண்டு பிரசவங்களின்போதும் குப்பியில் சிறுநீர் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். எதற்கென்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகர வழக்கை வாசித்தபோதுதான் அந்தக் குப்பி நினைவுக்கு வந்தது.

போதைச் சிகிச்சை பெறுவோரின் பதிவேடுகளைக் காக்க அங்கே 1970களிலேயே சட்டம் வந்துவிட்டது. குடியிலிருந்து மீண்ட செனட்டர் ஹெரால்ட் ஹியூஸ் 1970இல் அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தார்; 1972இன் போதைப்பொருள் சட்டம் பூட்டை இறுக்கியது. பெயர் வெளியே போகும், போலீஸ் வரும் என்றால் யார் சிகிச்சைக்கு வருவார்கள்? நோயாளி எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் தனி ஆணை இட வேண்டும். வெறும் சம்மன் போதாது.

நல்ல பூட்டுதான். ஆனால் போதைச் சிகிச்சை தருவதாகச் சொல்லிக்கொள்ளும் இடங்களின் கதவில் மட்டுமே அது தொங்கியது. பிரசவ வார்டின் கதவில் இல்லை.

1989இல் தென் கரோலைனா மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனை, போலீஸோடும் அரசு வழக்கறிஞரோடும் சேர்ந்து, சில கர்ப்பிணிகளின் சிறுநீரில் கொக்கெயின் தேடத் தொடங்கியது. கர்ப்பம் 27 வாரத்துக்குள் என்றால் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம். 28 வாரம் ஆகிவிட்டால், 18 வயதுக்குட்பட்டவருக்கு அதை வழங்கிய குற்றமும் சேரும். அந்த ‘18 வயதுக்குட்பட்டவர்’ வயிற்றுக்குள் இருக்கும் சிசு! இதை உட்கார்ந்து எழுதியவர்களின் கை நடுங்கியிருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. சிகிச்சைக்குப் போனால் கைது இல்லை என்று பிறகு மாற்றினார்கள். கைதானவர்கள் 30 பேர். ஒருவரைத் தவிர அனைவரும் கறுப்பினப் பெண்கள். பிள்ளை பெற்ற களைப்பு தீருமுன் கைவிலங்கோடு போனவர்களும் உண்டு.

கிரிஸ்டல் ஃபெர்குசனும் மற்ற பெண்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2001 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்பளித்தது: சம்மதமின்றிப் போலீஸுக்காகச் செய்யும் இப்பரிசோதனை, அரசியல் சாசனம் தடுக்கும் சோதனையே.

வெற்றிதான். ஆனால் 1986இலேயே நாடாளுமன்றம் அந்தப் பழைய பூட்டில் ஓர் ஓட்டை போட்டிருந்தது: குழந்தைக் கொடுமை பற்றிய புகாருக்கு ரகசியம் பொருந்தாது. தாயின் உடலுக்கு வெளியே உயிர்தரிக்கும் நிலையை எட்டிய சிசுவும் ‘குழந்தை’யே என்று தென் கரோலைனா உச்ச நீதிமன்றம் 1997இல் சொன்னது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், அங்கே சிகிச்சை மையத்தின் கதவும் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பில்லை. 2024இல் விதிகளைத் திருத்தினார்கள். அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.