வதந்தி எனப் பதியப்பட்ட உதிரப்போக்கு: இந்தியாவில் லூப்பும் காப்பர்-டியும்

இந்தியக் குடும்பநலத் திட்ட வரலாற்றில் 1965 பெருநம்பிக்கையின் ஆண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகர மருத்துவர் ஜாக் லிப்பீஸ் உருவாக்கிய பாலித்தீன் வளையம், 'லூப்' என்ற பெயரில், அவ்வாண்டில்தான் தேசியத் திட்டத்திற்குள் நுழைந்தது. கான்பூரில் அதற்கெனத் தொழிற்சாலையே எழுந்தது. மலிவானது, ஒருமுறை பொருத்தினால் போதும், பெண்ணின் நினைவாற்றலையோ கணவனின் ஒத்துழைப்பையோ நாள்தோறும் வேண்டாதது. திட்டமிடுவோருக்கு இதைவிட உவப்பான கருவி வாய்த்திருக்காது. முதலிரு ஆண்டுகளில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் என்ற அளவில் பொருத்தப்பட்டன. அடுத்த ஈராண்டுகளில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது.

சரிவிற்கு வதந்தியே காரணம் என்பது நிர்வாகத்திற்கு வசதியான விளக்கம். வளையம் உடலுக்குள் ஊர்ந்து செல்லும் என்பன போன்ற பேச்சுகள் உலவியது மெய்யே. ஆயினும் அப்பேச்சுகளின் அடியில் உதிரப்போக்கும் வலியும் இருந்தன. பிளாஸ்டிக் வளையம் மாதவிடாய் இழப்பை மிகுவிக்கக் கூடியது. இரத்தசோகை பரவலாக இருந்த நாட்டில் அது சிறு தொல்லையன்று. பொருத்திய குழு அடுத்த ஊருக்கு நகர்ந்தபின், அகற்ற விரும்பும் பெண் யாரைத் தேடுவாள்? 1966இல் வளையம் ஒன்றுக்கு 11 ரூபாய் என மத்திய அரசு மாநிலங்களுக்கு வழங்கலாயிற்று. அத்தொகை பொருத்தலை எண்ணியது; பின்கவனிப்பை எண்ணவில்லை. வதந்தி என்று பெயரிடப்பட்டது பெரும்பாலும் பெண்களின் நோய்க்குறி அறிக்கையே எனக் கொள்வது தகும்.

திட்டத்தின் எடை பின்னர் அறுவைச் சிகிச்சைக்கு மாறியது: முதலில் ஆண்களுக்கு, நெருக்கடிநிலையின் கொடுமைகளுக்குப் பின் ஏறக்குறைய முற்றிலும் பெண்களுக்கு.

இதற்கிடையே கருவி மாறிவிட்டிருந்தது. 1960களின் இறுதியில் சிலி நாட்டு மருத்துவர் ஜைமே சிப்பர், கருப்பைக்குள் வைக்கப்படும் செம்பு கருத்தரிப்பைத் தடுப்பதைக் கண்டறிந்தார். ஹோவர்ட் டேட்டம் வடிவமைத்த 'டி' வடிவச் சட்டத்துடன் அது இணைந்தது. செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுவின் இயக்கத்தையும் உயிர்ப்பையும் குலைக்கின்றன. எனவே தடை பெரும்பாலும் கருவுறுதலுக்கு முன்பே நிகழ்கிறது. இதனைக் கருக்கலைப்புக் கருவி எனக் கூறுவது பிழை. ஹார்மோன் ஏதும் இல்லாமையால் கருமுட்டை வழக்கம்போல் வெளியேறும், தாய்ப்பால் குறையாது, அகற்றியவுடன் கருவுறும் திறன் மீளும். 2002இல் இந்தியத் திட்டத்தில் சேர்ந்த காப்பர்-டி 380ஏ பத்தாண்டுகள் பயன்தரும். முதலாண்டில் நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கருத்தரிப்பு நேரும். தொடக்க மாதங்களில் மிகுந்த உதிரப்போக்கும் வலியும் இதிலும் உண்டு. அதை முன்கூட்டிச் சொல்வதும் சொல்லாததும்தான் 1965இலும் இன்றும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கருப்பை வளையம் பயன்படுத்துவோர் 2.1 விழுக்காட்டினர் மட்டுமே. கருத்தடை அறுவைக்கு உட்படும் இந்தியப் பெண்ணின் இடைநிலை வயது 25ஐ ஒட்டியே அமைகிறது. பத்தாண்டு வளையமொன்று அவளை முப்பத்தைந்து வரை கொண்டுசென்றிருக்கும். இடையில் மனம் மாறினால் அதை எடுத்துவிடவும் இயன்றிருக்கும்.