அடையாற்றங்கரையில் ஒரு பாடம்: தோற்ற இடத்தை ஏன் பார்க்க வேண்டும்?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எமது மத்ரஸா மாணவர்களின் பேச்சு எல்லாம் சுற்றுலாவைப் பற்றியதாகவே இருக்கும். ஊட்டிக்குப் போக வேண்டும், கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும் என்று ஆளுக்கு ஓர் ஆசை. எல்லாக் குடும்பங்களுக்கும் அதற்குரிய வசதி இருப்பதில்லை. மரங்கள் அடர்ந்த ஒரு நீர்நிலை, அதைச் சுற்றிவரும் நடைபாதை, அருகிலேயே வரலாறு நிகழ்ந்த இடங்கள்: இவை அனைத்தும் மந்தைவெளியில் வாழும் நமக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே, ஒரு சனிக்கிழமை காலை, ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு, மாணவர்களை அழைத்துக்கொண்டு அடையாறு பூங்காவுக்கு நடந்தே சென்றோம். அங்கே ஒரு மாணவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

குப்பைமேடு காடான கதை

தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயர் பூண்ட இந்த இடம், 58 ஏக்கர் பரப்புடையது. அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை ஒட்டி, ஆற்றின் வடபால் வளைந்து கிடக்கும் ஓடையின் ஒரு பகுதி இது. கடல் ஓதம் ஏறும்போது உப்புநீரும், மழைக்காலத்தில் நன்னீரும் இங்கே கலக்கின்றன. இப்படிப்பட்ட நீரில்தான் அலையாத்தி மரங்கள் வேரூன்றும், மீன்குஞ்சுகள் வளரும், அவற்றை நாடிக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வரும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இவ்விடத்தைப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடந்திருப்பார்கள். கட்டட இடிபாடுகளும் வீட்டுக் குப்பைகளும் கழிவுநீரும் சேர்ந்து ஓடையை மூடிக்கொண்டிருந்தன. அரசு ஓர் அறக்கட்டளையை அமைத்து, குப்பையை அகற்றி, நீர்வழியை ஆழப்படுத்தி, இக்கடற்கரை மண்ணுக்கே உரிய மரஞ்செடிகளைத் தேர்ந்து நட்டது. 2011 ஜனவரியில் பூங்கா திறக்கப்பட்டது. இன்று மண்பாதையில் நடக்கும்போது இருபுறமும் கிளைகள் கவிந்து நிழல் தருகின்றன. சில அடி தொலைவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன என்பதே மறந்துவிடுகிறது.

எங்கள் மாணவர்கள் மீன்கொத்தி ஒன்று நீரில் பாய்ந்து எழுந்ததைக் கண்டு ஸுப்ஹானல்லாஹ் என்றனர். உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே படைத்ததாக அல்லாஹ் திருமறையில் (21:30) கூறுவதை வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். அன்று விளக்கம் தேவைப்படவில்லை.

பாலத்தின் மீது நின்று பார்த்தால்

பூங்காவைச் சுற்றி முடித்தபின் திரு.வி.க. பாலத்துக்குச் சென்று, கிழக்கு நோக்கி நின்றோம். வலப்புறம் தென்கரையில், 1882-ஆம் ஆண்டு முதல் பிரம்மஞான சபையின் தலைமையிடமாக விளங்கும் பெருந்தோப்பு. அங்குள்ள பெரிய ஆலமரம் புகழ்பெற்றது. பல சமயத்தாரின் வழிபாட்டிடங்களோடு ஒரு சிறிய பள்ளிவாசலும் அத்தோப்பினுள் உண்டு. வடக்கே சற்றுத் தொலைவில், போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டி, பின்னர் 1896-இல் இன்றைய வடிவில் எழுப்பப்பட்ட சாந்தோம் தேவாலயம். எதிரே கழிமுகமும் கடலும். இடப்புறத்தில், ஆற்றுக்கும் நாங்கள் சுற்றிவந்த ஓடைக்கும் இடையே கிடக்கும் நிலத்துண்டுக்குக் குயிபிள் தீவு என்று பெயர். இன்று அங்கே குடியிருப்புகளும் ஒரு கல்லறைத் தோட்டமும் உள்ளன.

அந்தக் கரையில்தான் இந்திய வரலாற்றின் திசையை மாற்றிய போர்களுள் ஒன்று நடந்தது. எங்கள் கண்ணுக்கு அதைச் சொல்லும் ஒரு கல்வெட்டும் தென்படவில்லை.

1746: ஒரு நாள், ஓர் ஆறு

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினர். ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் தம் ஆட்சிப் பகுதிக்குள் ஐரோப்பியர் இருவரும் போரிடுவதை விரும்பவில்லை. பிடித்த கோட்டையை நவாபிடமே ஒப்படைப்பதாகப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே வாக்களித்திருந்தார். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. சினமுற்ற நவாப், தம் மகன் மஹ்ஃபூஸ் கானின் தலைமையில் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படையைச் சென்னைக்கு அனுப்பினார்.

கோட்டையை முற்றுகையிட்ட அப்படை, உள்ளிருந்து வந்த எதிர்த்தாக்குதலால் பின்வாங்கிச் சாந்தோமுக்கு வந்து சேர்ந்தது. அதே நேரத்தில் புதுச்சேரியிலிருந்து பாரடி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளரின் கீழ் ஓர் உதவிப்படை வந்துகொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் முந்நூறுக்கு மேற்படாத ஐரோப்பியரும், சுமார் 700 உள்நாட்டுச் சிப்பாய்களும் மட்டுமே. ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டிப்படி அக்டோபர் 24 அன்று, அவர்கள் அடையாற்றின் தென்கரையை அடைந்தனர். வடகரையில் மஹ்ஃபூஸ் கானின் பெரும்படை அணிவகுத்து நின்றது.

பாரடியிடம் பீரங்கிகள் இல்லை. எதிரியிடம் இருந்தன, ஆயினும் அவை கனமானவை, ஒருமுறை சுட்டால் மறுமுறை சுடுவதற்கு நெடுநேரம் ஆகும். பாரடி காத்திருக்கவில்லை. ஆற்றில் இறங்கிக் கடக்கக்கூடிய ஆழமே இருப்பதை அறிந்து, தம் வீரர்களை வரிசை குலையாமல் நீரில் இறக்கினார். கரையேறியதும் ஒரே நேரத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. அடுத்து ஈட்டிமுனை பொருத்திய துப்பாக்கிகளுடன் அவர்கள் பாய்ந்தனர். நவாபின் படை நிலைகுலைந்து சாந்தோம் தெருக்களுக்குள் ஓடியது. எண்ணிக்கையில் தம்மைவிடப் பத்து மடங்கு சிறிய படையிடம் அது தோற்றது.

மாணவர் கேட்ட வினா

இதைச் சொல்லி முடித்ததும், பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் முகம் வாடிக் கேட்டார்: “ஹஜ்ரத், நாம தோத்த இடத்தை எதுக்குப் பார்க்கணும்? ஜெயிச்ச இடம் எதுவும் இல்லையா?”

நாங்கள் உடனே விடை சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் சிறிது வெட்கமாகவே இருந்தது. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது வெற்றிகளையே தேர்ந்தெடுத்துச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இல்லையா? பத்ரைச் சொல்வோம்; மக்கா வெற்றியைச் சொல்வோம்; ஸலாஹுத்தீன் ஐயூபியைச் சொல்வோம். அது தவறன்று. ஆனால் அல்லாஹ் தன் வேதத்தில் அவ்வாறு தேர்ந்தெடுக்கவில்லை.

உம்ரா சென்றுவந்த பெற்றோரை நினைவுபடுத்தினோம். மதீனாவில் ஸியாரத்துக்கு எங்கே அழைத்துச் செல்கிறார்கள்? உஹது மலைக்கு. ஹம்ஸா (ரலி) அவர்கள் உட்பட எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதான இடம் அது. குன்றின் மீது நிறுத்தப்பட்ட ஐம்பது அம்பெய்வோருள் பெரும்பாலோர், வெற்றி வந்துவிட்டதென எண்ணி, நபி (ஸல்) அவர்களின் கட்டளைக்கு மாறாக இறங்கிவிட்டதை ஆலு இம்ரான் அத்தியாயம் (3:152) மறைக்காமல் பேசுகிறது. அவர்களை மன்னித்துவிட்டதாகவும் அதே இடத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். ஹுனைன் போரில் பன்னிரண்டாயிரம் பேர் சென்றபோது, பெரும் எண்ணிக்கையைக் கண்டு வியந்ததும், அது எந்தப் பயனும் அளிக்காமல் போனதும் தவ்பா அத்தியாயத்தில் (9:25) பதிவாகியுள்ளன. பூமியில் சுற்றித் திரிந்து, முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்னும் கட்டளையும் உஹதைப் பற்றிய வசனங்களுக்கிடையேதான் (3:137) வருகிறது. தோற்ற இடத்தில் நின்று பாடம் படிப்பது நமக்குக் குர்ஆன் கற்றுத்தந்த முறையே ஆகும்.

ஸஹாபாக்களின் போரையும் நவாபின் போரையும் நாம் ஒப்பிடவில்லை. முன்னது தீனுக்கானது, பின்னது ஒரு கோட்டை யாருக்கு என்னும் அரசியல் சண்டை. படிக்கும் முறையை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

அந்த “நாம்” யார்?

பின்பு மாணவரிடம் ஒரு வினாவை நாங்கள் திருப்பிக் கேட்டோம்: “நாம தோத்தோம் என்றீர்களே, அந்த ‘நாம’ யார்?”

நவாபின் படை என்றார். ஆனால் ஆற்றைக் கடந்து வந்து அப்படையைத் தோற்கடித்தவர்களுள் மூன்றில் இரு பங்கினர் இந்நாட்டுச் சிப்பாய்களே. அவர்களும் நம் மண்ணின் பிள்ளைகள் அல்லவா? போர் தம் தெருக்களின் வழியே ஓடியபோது கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கிய சாந்தோம் மக்களும், அன்று கடலுக்குப் போக முடியாத மீனவர்களும் நாம் அல்லவா? ஒரு முஸ்லிம் ஆட்சியாளர் ஆண்டார் என்பதனாலேயே அவருடைய ஒவ்வொரு போரும் நம்முடைய போராகிவிடாது. அவர் முஸ்லிம் என்பதனாலேயே அவருடைய வரலாறு நமக்கு அந்நியமும் ஆகாது. நீதியோடு பார்ப்பதே நமக்குக் கடமை.

நீதியோடு பார்த்தால், பாடம் கசப்பானது. அன்று தோல்வியைத் தந்தது வீரக்குறைவு அன்று. ஒழுங்கும் பயிற்சியும் கூட்டுக் கட்டுப்பாடும் இல்லாமையே. அதைப் பிறர் விரைந்து கற்றனர். 1748-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ், ஆங்கிலேயருக்காக உள்நாட்டுச் சிப்பாய்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். நவாப் குடும்பமோ வாரிசுப் போரில் சிக்கியது. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வருத்தீன் கான் போர்க்களத்திலேயே உயிர்நீத்தார். மஹ்ஃபூஸ் கான் சிறைப்பட்டார். மற்றொரு மகன் முஹம்மது அலி வாலாஜா, ஆங்கிலேயரின் துணையால் அரியணை பெற்றார். தமக்கெனப் படைவலிமையை வளர்ப்பதற்குப் பதில் அவர்களின் படையையே நம்பினார். அதற்கான செலவால் கடனில் மூழ்கினார்.

அவர் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினார். 1795-இல் எழுந்த திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையாளிகளால் நிறைகிறது. அல்லாஹ் அந்த நற்செயலை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் 1801-இல் ஓர் உடன்படிக்கையின் மூலம் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. அடையாற்றங்கரையில் தொடங்கிய சரிவு முடிவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளே பிடித்தன.

நீரும் நமக்குச் சொல்வது

திரும்பும் வழியில் அந்த மாணவரே ஒன்று சொன்னார்: “அந்தப் பூங்காவும் தோத்த இடம்தானே ஹஜ்ரத்? குப்பைமேடா இருந்துச்சுன்னு சொன்னீங்களே.”

அச்சொல் எங்கள் பாடத்தை நிறைவு செய்தது. அந்த ஓடையைக் கெடுத்தது யாரோ ஒரு பகைவன் அல்லன். நாளும் ஒரு பை குப்பையை வீசிய நாம்தான். அதை மீட்டது ஒரே நாள் வீரமும் அன்று; ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகச் செய்த பணி. நீர்நிலைக்கு வரும் வழியையும் மக்கள் நடக்கும் பாதையையும் ஒதுங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். மறுமை நாள் நெருங்கிவிட்ட நிலையிலும் கையில் ஒரு கன்று இருந்தால் அதை நட்டுவிடச் சொன்னவர்களும் அவர்களே. தோல்வியைக் கண்டு மனம் உடைய நமக்கு அனுமதி இல்லை. அதிலிருந்து படிக்காமல் இருப்பதற்கும் அனுமதி இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் பிள்ளைகளை ஒருமுறையேனும் இப்பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பார்வை நாள்களையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பைகளையும் பாட்டில்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். அலைபேசியைப் பையில் வைத்துவிட்டு, பறவைகளின் ஓசையைக் கேட்கச் செய்யுங்கள். பின்பு பாலத்தின் மீது நிறுத்தி, 1746-இல் இங்கே என்ன நடந்தது என்று சொல்லுங்கள். “நாம ஏன் தோத்தோம்?” என்று பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளையே நாளை தன் தெருவையும் ஜமாஅத்தையும் ஒழுங்குபடுத்தக் கற்கும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையை உண்மையாகக் காணும் கண்ணையும், தவறிலிருந்து திருந்தும் உள்ளத்தையும், நீ தந்த நீரையும் மண்ணையும் பேணும் பொறுப்பையும் அருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.