எஃகும் கரிமமும்

எஃகு என்பது எடையில் ஏறத்தாழ 2.1 விழுக்காட்டுக்கு மேற்படாத கரிமத்தை (கார்பன்) ஏற்ற இரும்புக் கலவையாகும். கரிமம் மிகக் குறைந்த தேனிரும்பு அடித்து வளைக்க இணங்கினும் அதில் கூர் நிற்பதில்லை. 3 முதல் 4 விழுக்காடு கரிமம் ஏறிய வார்ப்பிரும்போ கடினமானதாயினும் சம்மட்டி அடிக்கு உடைந்துவிடும்.

அணு அமைப்பு: ஏறத்தாழ 727 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும்போது எஃகில் இரும்பணுக்களின் அடுக்கு மாறி, இடைவெளிகளில் கரிம அணுக்கள் மிகுதியாகப் புக இடம் தருகிறது. மெல்ல ஆறினால் கரிமம் பிரிந்து, சிமெண்டைட்டு என்னும் கடினமான இரும்புக் கார்பைடாகப் படிகிறது. சூட்டோடு நீரில் தோய்த்தால் பிரிய நேரமின்றி உள்ளேயே சிக்கி, அணு அடுக்கைத் திரித்து, மார்ட்டென்சைட்டு என்னும் மிகக் கடினமான வடிவத்தை உண்டாக்குகிறது. இவ்வடிவம் நொய்ம்மையுடையது என்பதால், மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவர்.

தென்னிந்திய மூசை எஃகு: ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றழைத்த எஃகின் பெயர் ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லின் திரிபு எனப் பலரும் கருதுவர், தமிழில் அதன் இணை ‘உருக்கு’. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. மைசூர், சேலம் பகுதிகளின் தொழில்முறையைப் பிரான்சிஸ் புக்கானன் முதலியோர் 19ஆம் நூற்றாண்டில் பதிவு செய்தனர். உமி கலந்த களிமண் மூசையில் தேனிரும்புத் துண்டுகளுடன் உலர்ந்த ஆவாரங்குச்சியையும், சிலவிடங்களில் எருக்கிலையையும் இட்டு, வாயை மண்ணால் அடைத்துத் துருத்தியூதும் மரக்கரி உலையில் வைத்தனர். 1538 பாகையில்தான் உருகும் தூய இரும்பு, கரிமம் புகப் புக அதனினும் குறைந்த வெப்பத்திலேயே உருகியது. மூசையை உடைத்தெடுத்த கட்டியில் கரிமம் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு வரை இருந்ததால், நெடுநேரம் அனலில் வாட்டி, மிகையைக் கழித்த பின்னரே அடித்து நீட்டினர். 1819இல் இவ்வெஃகை ஆய்ந்த மைக்கேல் ஃபாரடே அதன் சிறப்புக்கு அலுமினியமே காரணம் எனக் கருதினார். மிகுந்த கரிமமே அடிப்படை என்பது பின்னர்த் தெளிந்தது.

பிற்கால ஆலை: கர்நாடகத்தின் பத்திராவதியில் 1923இல் இயங்கத் தொடங்கிய மைசூர் இரும்பாலையின் ஊதுலையும் மரக்கரியையே எரித்தது. ஊதுலையில் கரி எரிபொருளாவதோடு தாதுவின் ஆக்சிசனையும் நீக்கி, இரும்பிலும் கரைகிறது. இவ்வாறு கிடைக்கும் வார்ப்பிரும்பில் கரிமம் மிகுந்திருப்பதால், காற்றையோ ஆக்சிசனையோ செலுத்தி அதை எரித்துக் குறைத்தே எஃகாக்குகின்றனர். மூசைக் கொல்லர் கரிமத்தை ஊட்டி அடைந்த அளவை ஆலை கழித்து அடைகிறது.