கனத்த வண்டிக்குக் கனமற்ற கை

எழுதும் தாள் ஒன்றை எடுத்து, அதன் ஒரு விளிம்பை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டிப் பாருங்கள். தாள் தொய்ந்து விழும். அதே தாளைக் குழலாகச் சுருட்டி, பிரிந்துவிடாதபடி பசை தடவி, ஒரு முனையைப் பிடித்து நீட்டுங்கள். இப்போது அது தொய்வதில்லை. மறு முனையில் ஒரு சாவியைத் தொங்கவிட்டாலும் தாங்கிக்கொள்கிறது. தாளின் எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. உருவம் மட்டுமே மாறியது.

பத்து டன், இருபது டன் சுமந்து செல்லும் லாரிகளின் அடியில், சக்கரத்தையும் சட்டத்தையும் இணைக்கும் கைகள் சில உள்ளன. அவை இலேசாக இருக்க வேண்டும். ஆனால் வளையக் கூடாது. ஒன்றுக்கொன்று பகைபோலத் தோன்றும் இந்த இரண்டு தேவைகளையும் மனிதன் எவ்வாறு இணைத்தான் என்பது முந்நூற்றைம்பது ஆண்டுக் கதை. அந்தக் கதையின் விதை நீங்கள் சுருட்டிய தாளில் இருக்கிறது.

கை எதற்கு?

முதலில், இந்தக் கைக்கு என்ன வேலை என்று பார்ப்போம். பழைய லாரிகளில் சக்கரங்களைத் தாங்கும் இருசை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளாலான வில் தாங்கி நிற்கும். இந்தப் பட்டைவில் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. பளுவைத் தாங்குகிறது, இருசு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்து வைக்கிறது, பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் அதிர்வையும் ஓரளவு அடக்குகிறது. எளிமையானது, மலிவானது, பழுது பார்க்கவும் எளிது. இன்றும் எண்ணற்ற லாரிகள் இதையே நம்பி ஓடுகின்றன.

ஆனால் பயணம் சுகமாக இருக்க வேண்டுமானால் பட்டைவில் போதாது. அமெரிக்காவில் 1950-களின் தொடக்கத்தில் பேருந்துகளுக்குக் காற்றுவில் வந்தது. 1954-இல் ஓடத் தொடங்கிய கிரேஹவுண்ட் நிறுவனத்தின் சீனிக்குரூசர் பேருந்து இதனால் பெயர் பெற்றது. ரப்பர்ப் பையில் அடைத்த காற்றே அங்கே வில். பளு கூடினால் காற்றழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வண்டியின் உயரம் மாறாது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. காற்றுப்பை மேலிருந்து வரும் பளுவை மட்டுமே தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் ஒரு பலூனைப்போலச் சாய்ந்துவிடும். அப்படியானால் இருசை இடம் பெயராமல் பிடித்துக்கொள்வது யார்? பட்டைவில் சத்தமின்றிச் செய்துவந்த அந்த இரண்டாவது வேலையைச் செய்யத் தனிக் கைகள் தேவைப்பட்டன.

அந்தக் கைகளுக்கு வரும் சோதனையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் இருசின்மீது 10 டன் பளு இருக்கிறது. சாலைக்கும் டயருக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.7 என்று கொள்வோம். ஓட்டுநர் பிரேக்கை முழுவதும் அழுத்தினால், சாலை அந்த இருசைப் பின்னோக்கி இழுக்கும் விசை 7 டன் எடைக்குச் சமம்! இந்த விசை முழுவதும் கைகளின் வழியாகவே சட்டத்துக்குச் செல்ல வேண்டும். கை சற்று வளைந்தாலும் இருசு கோணலாகும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் சீரின்றித் தேயும்.

‘அப்படியானால் தடித்த இரும்பில் செய்துவிட்டால் போகிறது’ என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, வில்லுக்குக் கீழே உள்ள நிறை. சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது, சக்கரமும் இருசும் அவற்றோடு அசையும் கையின் பகுதியும் சேர்ந்து மேலே எறியப்படுகின்றன. இந்த நிறை எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு அதைத் திரும்பக் கீழே கொண்டுவருவது கடினம். அந்த நேரத்தில் டயர் சாலையைச் சரியாகப் பற்றாது. சாலையும் கூடுதலாக அடிபடும். இரண்டாவது, சட்டம் அனுமதிக்கும் மொத்த எடைக்கு ஓர் எல்லை உண்டு. வண்டியின் எடையில் குறையும் ஒவ்வொரு கிலோகிராமும் கூடுதலாக ஏற்றக்கூடிய சரக்கு.

காவலில் இருந்த கிழவர்

இதற்கான விடையின் முதல் வரி 1638-இல் எழுதப்பட்டது. திருச்சபையின் தண்டனையால் வீட்டுக்காவலில் இருந்த 74 வயது கலிலியோ, கண்பார்வையும் இழந்திருந்த நிலையில், ‘இரு புதிய அறிவியல்கள்’ என்னும் நூலை ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் வெளியிடச் செய்தார். அந்த இரண்டில் ஒன்று, பொருள்களின் வலிமை பற்றிய அறிவியல். பறவைகளின் எலும்பும் நாணல் தண்டும் உள்ளீடற்றவையாக இருப்பது ஏன் என்று அவர் கேட்டார். ஒரே அளவு பொருளைக் கொண்டு செய்த திண்ம உருளையைவிட, உள்ளீடற்ற குழல் வலிமை மிக்கது என்று காட்டினார்.

வளையும் சட்டத்தில் விசை எவ்வாறு பரவுகிறது என்பதில் கலிலியோ ஒரு பிழை செய்தார். அதைத் திருத்தத் தலைமுறைகள் பல தேவைப்பட்டன. 1826-இல் பிரான்ஸ் நாட்டின் நவியே தம் விரிவுரைகளை நூலாக வெளியிட்டபோது கணக்கு தெளிவாகியிருந்தது. ஒரு சட்டம் வளையும்போது ஒரு புறம் நீள்கிறது, மறுபுறம் குறுகுகிறது, நடுவில் உள்ள ஓர் அடுக்கு நீள்வதுமில்லை, குறுகுவதுமில்லை. ஆகவே நடுப்பகுதியில் உள்ள பொருள் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அதை எடுத்து வெளிப்புறத்தில் வைத்தால் நல்ல வேலை வாங்கலாம்.

கல்லூரி ஆய்வகத்தில் மீட்டர் அளவுகோலை வளைத்து யங் குணகம் கண்டுபிடிக்கும் மாணவர்கள் இதை நேரில் அறிவர். அளவுகோலைத் தட்டையாகக் கிடத்தினால் எளிதில் வளையும். விளிம்பில் நிறுத்தினால் வளைக்க முடிவதில்லை. தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகிறது.

குழலுக்கும் ஒரு கணக்குப் போடுவோம். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள திண்ம எஃகுத் தண்டு ஒன்று. அதே எடையுள்ள குழல் ஒன்றை 60 மில்லிமீட்டர் வெளிவிட்டத்துடன் செய்தால், உள்விட்டம் ஏறத்தாழ 44.7 மில்லிமீட்டர் வரும். இரண்டின் எடையும் ஒன்றே. ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு குழலில் மூன்றரை மடங்கு!

அப்படியானால் விட்டத்தைப் பெருக்கிக்கொண்டும் சுவரை மெலிதாக்கிக்கொண்டும் போகலாமா? கூடாது. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணைமேல் 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலம், இரயில் உள்ளே செல்லும்படியான மாபெரும் இரும்புக் குழாய். அதற்காக ஃபேர்பேர்ன், ஹாட்ஜ்கின்சன் இருவரும் மாதிரிக் குழாய்களை உடைத்துச் சோதித்தார்கள். மெல்லிய தகட்டுக் குழாயின் மேற்பகுதி, இரும்பு தன் முழு வலிமையைக் காட்டும் முன்பே கசங்கி மடிந்தது. காலித் தகர டப்பாவைக் காலால் மிதித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மெலிவுக்கும் எல்லை உண்டு என்பது அன்று கற்ற பாடம்.

உடைந்த இருசு

இதைவிடக் கொடிய பாடம் ஒன்று அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 1842 மே 8. பிரான்ஸ் மன்னரின் விழாவுக்காக வெர்சாய் சென்ற மக்கள் இரயிலில் பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் முன் எஞ்சினின் இருசு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் அதன்மீது ஏறின, தீப்பற்றியது. அக்கால வழக்கப்படி பெட்டிகளின் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடல்களில் பனிப்பாறைகளுக்கிடையே சென்று மீண்ட மாலுமி துமோன் துர்வில், மனைவியோடும் மகனோடும் அந்தத் தீயில் உயிரிழந்தார்.

பளு தாங்கும் அளவுக்குத் தடிமனாகவே செய்யப்பட்டு, நெடுநாள் ஓடிய இருசு, ஒருநாள் திடீரென்று முறிவது ஏன்? அடுத்த ஆண்டிலேயே, இருபத்து மூன்று வயதுகூட நிரம்பாத ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் உடைந்த இருசுகளை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார். இருசின் விட்டம் சட்டென்று மாறும் மூலையில் நுண்ணிய வெடிப்பு தோன்றி, சிறிது சிறிதாக உள்நோக்கி வளர்கிறது. ஆகவே அந்த மூலையைக் கூர்மையாக விடாமல் வளைவாக உருட்டிச் செய்யுங்கள் என்றார்.

பின்னர் பிரஷ்ய இரயில்வேயில் பணியாற்றிய வோலர், 1850-களின் இறுதியிலிருந்து 1870 வரை, சுழலும் தண்டுகளை இலட்சக்கணக்கான முறை வளைத்துச் சோதித்தார். ஒரு முறை தாங்கும் பளுவைவிட மிகக் குறைந்த பளுவும், திரும்பத் திரும்ப வந்தால் உலோகத்தை முறித்துவிடும் என்று காட்டினார். இதையே உலோக அயர்வு என்கிறோம். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. தகைவு அதற்குக் கீழே இருந்தால் எத்தனை முறை வளைத்தாலும் தாங்கும் என்பதும் அவர் ஆய்விலிருந்தே தெரிந்தது.

லாரியின் கையை வடிவமைப்பவர் இன்றும் இந்த எல்லையை மனத்தில் வைத்தே எடையைக் குறைக்கிறார். ஒரு துளை, ஒரு கூர்மூலை, ஒரு குறைபட்ட பற்றவைப்பு — வெடிப்பு தொடங்க இவற்றில் ஒன்று போதும். எடை குறைப்பது கணக்குக்கு மட்டும் உரிய செயல் அன்று. அதில் உயிர்கள் அடங்கியிருக்கின்றன.

இரண்டு முக்கோணங்கள்

மோட்டார் வண்டி வந்தபோது, இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கனத்த முன் இருசே வேகத்துக்குத் தடையாயிற்று. ஒரு சக்கரம் மேடேறினால் மற்றதும் சாய்ந்தது. சுழலும் சக்கரங்கள் பம்பரங்களைப்போல் நடந்துகொண்டு திசைமாற்றியை நடுங்கச் செய்தன. செக் நாட்டின் கோப்ரிவ்னிட்செ நகரில், ஹன்ஸ் லெட்வின்கா 1923-இல் டாட்ரா காரை வேறு விதமாக அமைத்தார். ஒரே ஒரு தடித்த குழாயே வண்டியின் முதுகெலும்பு. பின் இருசு இரண்டு பாதிகளாகப் பிரிந்து, அதன் இருபுறமும் தனித்தனியே ஊசலாடியது. பாதி இருசே கையாக வேலை செய்தது. டாட்ரா லாரிகளிலும் இந்த அமைப்பு கையாளப்பட்டது.

1933-இல் மெர்சிடஸ் நிறுவனத்தின் 380 கார், முன் சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழும் இரண்டு முக்கோணக் கைகளால் பிடித்தது. ஏன் முக்கோணம்? நான்கு குச்சிகளை ஆணியடித்துச் சதுரம் செய்தால், தள்ளியதும் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் செய்த முக்கோணம் சாயாது. அதன் கால்களில் பெரும்பாலும் இழுவிசையும் அழுத்தமுமே வருகின்றன. வளைவு மிகக் குறைவு. வளைவில்லாத இடத்தில் பொருள் முழுவதும் வேலை செய்கிறது. எனவே எடை குறைகிறது.

இந்தக் கருத்தின் இறுதி எல்லையை 1904-இலேயே ஒருவர் கண்டுவிட்டார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரப் பொறியாளர் மிச்செல், கொடுத்த பளுவை மிகக் குறைந்த பொருளால் தாங்கும் சட்டகம் எவ்வாறிருக்கும் என்று கணக்கிட்டார். இழுவிசைக் கோடுகளும் அழுத்தக் கோடுகளும் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் வலைபோன்ற உருவங்கள் அவருக்குக் கிடைத்தன. அழகான கணக்கு, ஆனால் அதைப் பட்டறையில் செய்ய வழியில்லை.

வழி திறந்தது விமானத் துறையிலிருந்து. 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர், விமானச் சிறகைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் விறைப்பையும் கூட்டி முழுச் சிறகின் விறைப்பைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். 1988-இல் பெண்ட்சோ, கிகுச்சி என்ற இருவர் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். முழுக் கட்டியைக் கணிப்பொறியிடம் கொடுத்து, எந்தெந்தத் துண்டு வேலை செய்யவில்லையோ அதையெல்லாம் நீக்கச் செய்தால் என்ன? விடையாக வந்த உருவங்கள் எலும்பையும் மரக்கிளையையும் ஒத்திருந்தன. மிச்செலின் வலைகளும் அவற்றில் மீண்டும் தோன்றின!

அத்தகைய உருவங்களை வார்க்கவும் ஏற்ற உலோகம் இருந்தது. சாதாரண வார்ப்பிரும்பில் கரி தகடுகளாகப் படிந்து வெடிப்புக்கு வழி வகுக்கும். சிறிதளவு மக்னீசியம் சேர்த்தால் கரி சிறு உருண்டைகளாகிறது. இரும்பு எளிதில் நொறுங்குவதில்லை. 1948-இல் அறிவிக்கப்பட்ட இந்த இரும்பு கனரக வண்டிகளின் பல உறுப்புகளில் பயன்படுகிறது.

அலுமினியம் ஏன் கூடாது?

மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு. அதன் யங் குணகமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே நேராக இழுக்கும் கையில், அதே விறைப்புக்கு இரண்டின் எடையும் ஒன்றே! வளையும் கையில் மட்டும் அலுமினியத்துக்கு இலாபம் உண்டு. ஒரே எடையில் அதைத் தடிமனாகச் செய்ய முடியும் அல்லவா? ஆனால் தடித்த கைக்கு லாரியின் அடியில் இடம் வேண்டும். மேலும், எஃகுக்குள்ளதுபோல் தெளிவான அயர்வு எல்லை அலுமினியத்துக்கு இல்லை. எனவே அதன் வேலைநாளை முன்னரே கணக்கிட்டாக வேண்டும்.

வால்வோ நிறுவனம் 2012-இல் தன் கனரக லாரியின் முன் சக்கரங்களையும் தனித்தனியே இரட்டைக் கைகளில் அமைத்தது. காருக்கு வந்த வசதி லாரிக்கு வர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. வண்டி கனக்கக் கனக்க, இலேசான கையை நம்புவதற்கு அவ்வளவு கணக்கும் அவ்வளவு சோதனையும் தேவைப்படுகின்றன.

இப்போது நீங்கள் சுருட்டிய தாளை மீண்டும் எடுங்கள். அதன் நடுவில் ஒரு விரலால் மெல்ல அழுத்தி ஒரு பள்ளம் உண்டாக்குங்கள். பிறகு முனையில் சாவியை மாட்டுங்கள். குழல் பள்ளம் விழுந்த அதே இடத்தில் மடியும். கலிலியோ கண்ட வலிமையும், ஃபேர்பேர்ன் கண்ட எல்லையும் உங்கள் கையிலேயே இருக்கின்றன. ராங்கின் கண்ட வெடிப்பைக் காண, ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள். எத்தனையாவது முறை முறிகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். வோலர் செய்ததும் அதைத்தான்.