ஊர் மருத்துவச்சி

திருச்சிராப்பள்ளி மலைமேல் உறையும் இறைவர்க்குத் தாயுமானவர் என்னும் பெயர் வந்த வரலாற்றை நேயர்கள் அறிவீர்கள். இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண் பேறுகாலத்தில் தாயின் வரவை எதிர்நோக்கியிருந்தாள். காவிரியில் வெள்ளம் பெருகவே, தாய் மறுகரையில் நின்றுவிட்டாள். இறைவன் தாய் வடிவில் வந்து உடனிருந்து மகப்பேறு பார்த்தான் என்பது தலபுராணச் செய்தி. ஆறுகளும் வாய்க்கால்களும் பின்னிக் கிடக்கும் தஞ்சை நாட்டில், பாலங்கள் அரிதாயிருந்த நாளில், இத்துன்பம் கதையளவில் நின்றதன்று. தாய் வர இயலாத வீட்டிற்கு வந்தவள் ஊர் மருத்துவச்சி.

அவள் பெரும்பாலும் முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் குலத்தவள். எட்கார் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலிலும் இச்செய்தி உண்டு. வலி கண்டவளின் முதுகை விளக்கெண்ணெய் தடவி உருவிவிடுவாள், இடுப்பைப் பிடித்துக்கொள்வாள், விடியும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பிள்ளை பிறந்தபின், நீட்டிய தன் கால்களின்மேல் அதனைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை கால்களை நீவி, வெந்நீர் வார்ப்பாள். அவள் கணவனோ, அதே வீட்டில் இறப்பு நேர்ந்தால் ஈமக்கடன்களில் உடனிருப்பான். கூலி, அறுவடைக் களத்தில் அளக்கும் நெல். குழந்தையை முதன்முதல் ஏந்தியவளைத் தீட்டு என்று கொல்லைப்புறமாகவே வரச்செய்த வீடுகள் பல. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று.

பழமை என்பதற்காக அனைத்தையும் போற்றுதல் கூடாது. தூய்மையற்ற கருவியால் கொடி அறுத்ததனால் இசிவுநோய் கண்டு மாண்ட சிசுக்கள் எண்ணற்றவை. குருதிப்போக்கை நிறுத்த அவளால் இயலாது. தஞ்சையில் மிராசுதார்களின் பொருளுதவியால் எழுந்த இராசா மிராசுதார் மருத்துவமனை போன்றவை காத்த உயிர்கள் பல. ஆயினும், மருத்துவமனைக் கதவு தாயை உள்ளே ஏற்று, உடன் வந்தவளை வெளியே நிறுத்திற்று. முதுகை நீவிய கை அங்கே இல்லை.

அக்கையின் மதிப்பை ஆராய்ச்சியாளர் அளந்து காட்டியது 1980-இல். குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில், முன்பின் அறியாத பெண்ணொருத்தி அருகிருந்து, முதுகை வருடி, கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தாய்மார்க்கு, சிக்கலற்ற பேற்றில் வலிக்காலம் சராசரி 9 மணிக்கும் குறைவு. தனித்து விடப்பட்டோர்க்கோ 19.3 மணி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பேற்றின்போது உறவுப் பெண் ஒருத்தி உடனிருக்கும் திட்டம் 2004-இல் வந்தது. உலக நலவாழ்வு நிறுவனமும் இதனைப் பரிந்துரைக்கின்றது.

யான் ஆசிரியப் பயிற்சி முடித்துச் சிற்றூர்ப் பள்ளியில் பணியேற்ற நாளில், பிள்ளைகளின் பிறந்த நாள் பெற்றோர் பலர்க்குத் தெரியாது. மருத்துவச்சியை அழைத்து வரச் சொல்வோம். "பெரிய புயலுக்கு மறுவாரம் பொறந்தவன் சார் இவன், அவன் அக்கா, ஆடிப்பெருக்கன்னிக்கு," என்பாள் அக்கிழவி. அதைக்கொண்டு பஞ்சாங்கம் பார்த்துச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவோம். தந்தை பெயர், தொழில், சாதி ஆகியவற்றிற்குப் பதிவேட்டில் இடமுண்டு. அவள் பெயர்க்கு இல்லை.

பின்னொரு நாள் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருமாறு அவளே வந்தாள். திண்ணையிலும் அமராமல் வாசலில் நின்றாள். உள்ளே அழைத்து நாற்காலியில் அமரச் செய்து, பிறந்த ஆண்டைக் கேட்டேன். "எனக்கு யாரு சார் சொல்லி வச்சாங்க?" என்றாள். வயது அறுபத்தைந்து இருக்கலாம் என்று மதிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன்.