நவதுறவகம் தந்ததை இனி யார் தருவது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கத்தோலிக்கப் பள்ளிகள் சுருங்கிய கதை பலரும் அறிந்ததே. 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பொதுச் சங்கம், பங்குதோறும் இரண்டு ஆண்டுகளுக்குள் பள்ளி எழ வேண்டும் என்று ஆணையிட்டது. 1960-களின் நடுவில் ஏறத்தாழ 13,000 பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். இன்று பள்ளிகள் 6,000-க்கும் குறைவு. பிள்ளைகள் ஏறத்தாழ 17 லட்சம். புறநகர்க் குடிபெயர்வு, கட்டண உயர்வு, குறைந்துபோன குழந்தைப் பிறப்பு என்று காரணங்களை அடுக்குகிறோம். அவற்றின் நடுவே ஒரு மாற்றம் உரிய கவனம் பெறாமல் போகிறது. 1950-இல் இப்பள்ளிகளின் ஆசிரியர்களில் பத்தில் ஒன்பது பேர் துறவியரும் குருக்களும். 1970-இல் அவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. இன்று நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. தலைமைப் பொறுப்பும் குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர் கைக்கு வந்துவிட்டது. துறவற சபைகள் தம் உறுப்பினருக்குத் தந்த உருவாக்கம் மட்டும் பொதுநிலையினருக்கு வந்து சேரவில்லை. பள்ளித் தலைமைக்கென்றே அமைந்த முதுகலைப் பயிற்சிதான் இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது என்பதும், அதன் செலவைத் திருஅவையே ஏற்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அருள்சகோதரி ஒருவர் பள்ளி முதல்வராவதற்கு முன் கடந்து வந்த பாதையை எண்ணிப் பார்க்க வேண்டும். துறவு வாழ்வின் தொடக்கப் பயிற்சி இல்லமான நவதுறவகத்தில் செபமும் சபை நிறுவுநரின் நோக்கமும் அவருக்குள் ஊறின. மூத்த சகோதரியின் கண்காணிப்பில் பாடம் நடத்தினார். ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டார். முதல்வரான பின்னும், மாலையில் மடத்து உணவு மேசையில் தம்மைப் போன்ற அனுபவசாலிகளோடு அன்றைய சிக்கலைப் பேச முடிந்தது. இவை எதுவும் பள்ளியின் வரவுசெலவுக் கணக்கில் எழுதப்படவில்லை. பொதுநிலை முதல்வர் வந்தபோது அவருடைய ஊதியம் கணக்கில் ஏறியது. உருவாக்கத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. நன்றாகப் பாடம் நடத்திய ஆசிரியரே பெரும்பாலும் முதல்வரானார். அரசுப் பல்கலைக்கழகம் அவருக்குக் கல்விச் சட்டத்தையும் நிருவாகத்தையும் கற்பித்தது. மறையுரை வழியே விசுவாசம் வளர்ந்தது. இரண்டையும் ஒருசேரச் சிந்திக்கக் கற்றுத்தரும் இடம் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

ஒருசேரச் சிந்திப்பது ஏன் தேவை என்பதை முதல்வரின் மேசைமேல் உள்ள ஒரு தாளே காட்டிவிடும். பங்குப் பள்ளி ஒன்றில் பெற்றோர் கட்டும் கட்டணம் ஒரு மாணவருக்கு ஆகும் செலவை ஈடுகட்டாது. மீதியைப் பங்கின் மானியமும் நன்கொடையும் நிதி திரட்டும் விழாக்களும் நிரப்புகின்றன. மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தந்தை வேலை இழந்து, கட்டணச் சலுகை கேட்டு எழுதுகிறார். உதவித்தொகை முன்பே பங்கிட்டாயிற்று. சலுகை தந்தால் ஆசிரியரின் ஊதிய உயர்வு தள்ளிப்போகும். மறுத்தால் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போவார்கள். பங்குத்தந்தைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஏழைகளுக்கு முன்னுரிமை என்ற திருஅவையின் போதனையும், உழைப்புக்கேற்ற நீதியான ஊதியம் என்ற அதே திருஅவையின் போதனையும் இந்த ஒரே தாளில் மோதுகின்றன. கணக்கு மட்டும் தெரிந்தவர் போதனையைத் தவறவிடுவார். போதனை மட்டும் தெரிந்தவர் அடுத்த ஆண்டே பள்ளியைக் கடனில் தள்ளிவிடுவார்.

இப்பள்ளிகளின் வலிமை எதில் இருக்கிறது என்பதை ஆய்வுகள் நன்றாகவே காட்டியுள்ளன. அந்தோணி பிரைக், வேலரி லீ, பீட்டர் ஹாலண்ட் மூவரும் 1993-இல் வெளியிட்ட ‘கத்தோலிக்கப் பள்ளிகளும் பொது நன்மையும்’ என்ற நூல், எல்லா மாணவருக்கும் பொதுவான பாடத்திட்டம், ஒரே சமூகமாக வாழும் பள்ளி அமைப்பு, மனிதரின் மாண்பைப் பற்றிய பகிர்ந்த நம்பிக்கை ஆகியவற்றை அந்த வலிமையின் வேர்களாகக் கண்டது. ஏழைப் பிள்ளைகளுக்கும் வசதியுள்ளோருக்கும் இடையிலான கல்வி இடைவெளி அங்கே குறைவாக இருந்ததையும் அது காட்டியது. இவை கட்டடத்தில் தங்கியிருக்கும் பண்புகள் அல்ல. யாரை ஆசிரியராக எடுப்பது, எதைக் கண்டிப்பது, எதை மன்னிப்பது என்று முதல்வர் நாள்தோறும் எடுக்கும் முடிவுகளே அவற்றைக் காக்கின்றன. இப்பள்ளிகளைத் தாங்கும் இத்தகைய விசுவாச வளத்தை இங்கிலாந்தின் கல்வி ஆய்வாளர் ஜெரால்ட் கிரேஸ் தமது 2002-ஆம் ஆண்டு நூலில் ‘ஆன்மிக மூலதனம்’ என்றார். முன்னோர் சேர்த்த அந்த மூலதனம் புதுப்பிக்கப்படாவிட்டால் கரைந்துபோகும் என்பது அவருடைய எச்சரிக்கை.

புதுப்பிக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1976-லேயே கத்தோலிக்கக் கல்வித் தலைமைக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தின் மேரி ஆன் ரெமிக் தலைமைத்துவத் திட்டம் இன்று பரவலாக அறியப்பட்டது. பயில்வோர் கோடையில் வளாகத்தில் கூடிக் கற்கிறார்கள். பள்ளி ஆண்டில் தம் பணியைத் தொடர்ந்தபடியே படிக்கிறார்கள். வகுப்போடு பொதுச் செபமும் திருப்பலியும் உண்டு. சேர்ந்து படிக்கும் குழு, பட்டம் பெற்ற பின்னும் ஒருவரையொருவர் கலந்துபேசும் வட்டமாக நிலைக்க வாய்ப்பு உண்டு. மடத்து உணவு மேசை தந்த துணைக்கு இதைவிட நெருங்கிய மாற்று ஒன்றைக் காண்பது கடினம்.

பட்டமே இல்லாமல் அருள்சகோதரிகள் நூறாண்டு பள்ளி நடத்தவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். நடத்தினார்கள், அந்த நிலை போதாது என்று முதலில் சொன்னவர்களும் அவர்களே. போதிய படிப்பு இல்லாமல் வகுப்பறைக்கு அனுப்பப்பட்டு, கோடை விடுமுறைகளில் மட்டும் படித்து, பட்டம் பெறப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் ஏராளம். அருள்சகோதரி மடலேவா உல்ஃப் 1949-இல் இதற்கு எதிராகக் குரல் எழுப்பினார். 1954-இல் உருவான ‘அருள்சகோதரிகள் உருவாக்க மாநாடு’ என்ற அமைப்பு, பணிக்கு முன்பே முழுக் கல்வி வேண்டும் என்ற கோரிக்கையை நாடெங்கும் கொண்டுசென்றது. விசுவாசத்தைப் பல்கலைக்கழகம் ஊட்ட முடியுமா என்பது இன்னொரு கேள்வி. ஊட்ட முடியாது, ஆனால் உள்ள விசுவாசத்தைத் தொழில் முடிவுகளோடு பொருத்திப் பார்க்கப் பழக்க முடியும். பள்ளிகளில் பணிபுரியும் பொதுநிலையினர் பற்றி வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 1982-இல் வெளியிட்ட ஏடும் தொழில் பயிற்சி, சமய உருவாக்கம் இரண்டையும் வலியுறுத்துகிறது.

மிகக் கடினமான ஆட்சேபணை செலவு. மூடும் நிலையில் தவிக்கும் பள்ளியிடம் முதுகலைப் படிப்புக்குப் பணம் கேட்பது கொடுமை என்பது உண்மை. குறைந்த ஊதியம் பெறும் முதல்வர் தலையில் அதைச் சுமத்துவது அதனினும் கொடுமை. ஆகவே இது மறைமாவட்டமும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் பகிர்ந்து சுமக்க வேண்டிய பொறுப்பு. சில பல்கலைக்கழகங்களின் திட்டங்களால் ஏறத்தாழ 6,000 பள்ளிகளுக்கும் தலைவர்களைத் தர முடியாது என்பதும் சரியே. அதனால்தான் ஒவ்வொரு மறைமாவட்டமும் வருங்கால முதல்வர்களை முன்கூட்டியே இனங்கண்டு அனுப்பவும், அவர்கள் திரும்பியதும் மற்றவர்களுக்கு வழிகாட்ட வைக்கவும் திட்டமிட வேண்டும். அமெரிக்கத் திருஅவை இந்தத் தேவையைத் தாமதமாகவே உணர்ந்தது. சான் பிரான்சிஸ்கோ நிறுவனம் தோன்றியபோது ஆசிரியர்களில் துறவியர் ஏற்கெனவே சிறுபான்மை ஆகிவிட்டார்கள். தலைமையாசிரியர் நாற்காலியில் இன்னும் பல இடங்களில் துறவியரே இருக்கும் தமிழ்நாட்டு மறைமாவட்டங்களுக்கு அந்தத் தாமதம் தெளிவான பாடம். நூறாண்டுக் காலம் அருள்சகோதரிகளின் மிகக் குறைந்த ஊதிய உழைப்பால் திருஅவை தன் பள்ளித் தலைவர்களை ஏறத்தாழ இலவசமாகப் பெற்றது. அவர்களுக்குப் பின் வருவோரின் பயிற்சிக்குச் செலவிடுவது அந்தக் கடனைத் தீர்க்கும் நேர்மையான வழி.